காங்கேசன்துறைத் தொகுதி: மக்கள் வழங்கிய தீர்ப்புகளும் வழங்க விடப்படாத தீர்ப்புகளும்

தேர்தல் முறை மாற்றப்பட வேண்டும் என்ற குரல் எந்த அரசாங்கம் பதவியில் இருந்தாலும் எழுவதும், சில மாதங்கள் விவாதிக்கப்படுவதும், பின்னர் அடங்கிப் போவதும் எமது நாட்டில் வழமையாகிவிட்டது. விகிதாசார முறையே தொடர வேண்டுமா, பழைய தொகுதி முறைக்குத் திரும்ப வேண்டுமா, இரண்டையும் இணைத்த கலப்பு முறை வேண்டுமா என்பதே இவ்விவாதத்தின் சாரம். ஆனால் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் இந்நாட்டில் இறுதியாகப் பொதுத்தேர்தல் நடைபெற்றது 1977 ஜூலை 21 ஆம் திகதியாகும். அன்று பதினெட்டு வயது நிரம்பி முதன்முதலாக வாக்களித்தவர்கள்கூட இன்று அறுபத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். ஆகவே, இன்றைய வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மையினர் தாம் அனுபவித்தறியாத ஒரு முறையைப் பற்றியே கருத்துக் கூற வேண்டியவர்களாக உள்ளனர்.

இந்நிலையில் பழைய தொகுதி ஒன்றின் வரலாற்றை முழுமையாக நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம். இதற்காக நாம் தெரிவு செய்வது யாழ். மாவட்டத்தின் காங்கேசன்துறைத் தொகுதியை. தமிழரசுக் கட்சியின் ஸ்தாபகத் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும், அவருக்குப் பின் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கமும் பிரதிநிதித்துவப்படுத்திய தொகுதி என்ற வகையில் அது பலராலும் அறியப்பட்டதே. எனினும், அது தலைவர்களுக்கெனக் காலங்காலமாக ஒதுக்கிவைக்கப்பட்ட பாதுகாப்பான ஆசனம் என்ற எண்ணம் சரியானதன்று. அத்தொகுதி தன் தலைவரைத் தோற்கடித்தும் இருக்கிறது. மீண்டும் அழைத்தும் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேளைகளில் அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டும் இருக்கிறது.

தொகுதியின் தொடக்கம்

வலிகாமத்தின் வடகரையில் அமைந்த இத்தொகுதி துறைமுகத்தையும், வடபகுதிப் புகையிரதப் பாதையின் இறுதி நிலையத்தையும், கீரிமலை, மாவிட்டபுரம் ஆகிய புனித தலங்களையும், தெல்லிப்பழையை அண்டிய விவசாயக் கிராமங்களையும், மயிலிட்டி போன்ற மீன்பிடிக் கிராமங்களையும் கொண்டிருந்தது. 1950 ஆம் ஆண்டில் இங்கு இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை தொழிலாளர் சமூகம் ஒன்றையும் இப்பகுதிக்குத் தந்தது. விவசாயிகள், கடற்றொழிலாளர், ஆலைத் தொழிலாளர், ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தர் எனப் பல தரப்பினரும் வாழ்ந்த தொகுதி இது.

காங்கேசன்துறை என்ற பெயரில் தேர்தல் தொகுதி ஒன்று டொனமூர் அரசியலமைப்பின் கீழேயே இருந்தது. 1931 ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபைக்கு நடைபெற்ற முதலாவது தேர்தலை, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று வடக்கின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்தன. அவற்றுள் காங்கேசன்துறையும் ஒன்று. டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயாட்சியை வழங்கவில்லை என்பதே பகிஷ்கரிப்புக்குக் காரணமாக இருந்தது. ஆக, இத்தொகுதியின் தேர்தல் வரலாறே வெற்றாசனம் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. ஆனால் அந்த வெற்றாசனம் இங்குள்ளோர் தாமாகத் தெரிவு செய்தது. பிற்காலத்தில் ஏற்பட்ட வெறுமைகள் அத்தகையனவல்ல.

பகிஷ்கரிப்புக் கைவிடப்பட்டு 1934 இல் நடைபெற்ற தேர்தலின் மூலம், பரமேஸ்வராக் கல்லூரி அதிபரும் சேர். பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனுமான சு. நடேசபிள்ளை இத்தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அச்சபை கலைக்கப்படும் வரை அவரே அதன் உறுப்பினராக இருந்தார்.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947 இல் நடைபெற்ற முதலாவது பாராளுமன்றத் தேர்தலில், தொண்ணூற்றைந்து உறுப்பினர்கள் மக்களால் தெரிவு செய்யப்பட்டனர். யாழ். குடாநாட்டுக்கு ஏழு தொகுதிகள் கிடைத்தன. காங்கேசன்துறையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் வேட்பாளராக நின்ற எஸ்.ஜே.வி. செல்வநாயகம் வெற்றி பெற்றார். கொழும்பில் சிவில் வழக்கறிஞராகப் புகழ் பெற்றிருந்த அவர், மலாயாவின் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். அத்தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் மொத்தமாக ஏழு ஆசனங்களைக் கைப்பற்றியது.

1952: தலைவரைத் தோற்கடித்த தொகுதி

மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டில் ஜீ.ஜீ. பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் இணைந்தமையும் தமிழ்க் காங்கிரஸைப் பிளவுபடுத்தின. செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் செனட்டர் இ.மு.வி. நாகநாதனும் வெளியேறினர். 1949 டிசெம்பர் 18 ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சி தோற்றம் பெற்றது. சமஷ்டி ஆட்சியே தீர்வு என்பது அதன் நிலைப்பாடு.

1952 மே மாதப் பொதுத்தேர்தல் இப்புதிய கட்சி எதிர்கொண்ட முதலாவது சோதனையாகும். காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்றவர், முன்னாள் அரசாங்க சபை உறுப்பினர் நடேசபிள்ளை. அமைச்சுப் பதவியினால் கிடைத்த அபிவிருத்தி ஒருபுறம் எடுத்துக்காட்டப்பட்டது. சமஷ்டி என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு எனப்பட்டது. செல்வநாயகம் கிறிஸ்தவர் என்பதும் இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் இத்தொகுதியில் பிரசாரப் பொருளாக்கப்பட்டது. முடிவில் நடேசபிள்ளை வெற்றி பெற்றார். கட்சியின் தலைவர் தோல்வியடைய, கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் இராசவரோதயமும் மட்டுமே அக்கட்சியின் சார்பில் பாராளுமன்றம் சென்றனர். நடேசபிள்ளை பின்னர் சேர். ஜோன் கொத்தலாவலையின் அரசாங்கத்தில் அமைச்சராகவும் இடம்பெற்றார்.

இத்தோல்வியை விபத்து எனக் கூறிக் கடந்து சென்றுவிடக் கூடாது. உரிமையா அபிவிருத்தியா என்று இன்றும் ஒவ்வொரு தேர்தலிலும் எழுப்பப்படும் வினா 1952 இலேயே இத்தொகுதியில் எழுப்பப்பட்டு விட்டது. அன்றைய வாக்காளர் அதற்கு ஒரு விடையை அளித்தனர். அவ்விடை நிரந்தரமானதாக இருக்கவில்லை. ஆனால் அதை மாற்றியவர்களும் அதே வாக்காளர்களே.

1956 முதல் 1970 வரை

அவ்விடை மாறுவதற்கான காரணம் தெற்கிலிருந்து வந்தது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்ற வாக்குறுதியை நம்பி ஐக்கிய தேசியக் கட்சியை ஆதரித்த வடபகுதி வாக்காளர், 1956 பெப்ரவரியில் அக்கட்சியின் களனி மாநாடு சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்றதைக் கண்டனர். அரசாங்கத்துடன் இணைந்திருப்பதால் அடிப்படை உரிமையைக்கூடப் பாதுகாக்க முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று. ஏப்ரல் மாதத் தேர்தலில் காங்கேசன்துறை செல்வநாயகத்தை மீண்டும் தெரிவு செய்தது. தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களுடன் தமிழ் மக்களின் முதன்மைக் கட்சியானது.

அதன் பின்னர் 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களிலும் இத்தொகுதி செல்வநாயகத்தையே அனுப்பியது. 1959 ஆம் ஆண்டின் எல்லை மீள்நிர்ணயத்தினால் உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி ஆகிய புதிய தொகுதிகள் உருவாகி யாழ். மாவட்டத் தொகுதிகள் பதினொன்றாக உயர்ந்தன. இக்காலப்பகுதியிலேயே 1957 ஜூலை 26 ஆம் திகதி பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தமும், 1965 மார்ச் 24 ஆம் திகதி டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தமும் கைச்சாத்தாகின. இரண்டும் நடைமுறைப்படுத்தப்படவில்லை. 1961 இல் வடக்கு கிழக்கு எங்கும் நடைபெற்ற சத்தியாக்கிரகத்தின்போது அவசரகாலச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு, மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டவர்களுள் இத்தொகுதியின் உறுப்பினரும் ஒருவர்.

தொடர்ச்சியான இவ்வெற்றிகளைக் கொண்டு தொகுதியில் மாற்றுக் குரலே இருக்கவில்லை என முடிவு செய்வது தவறாகும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் பிரவேசிக்கும் உரிமை கோரி, சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட்டம் நடத்தினர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் பின்னணியில் இடதுசாரிகள் அதற்குத் தலைமை வகித்தனர். ஆலயப் பிரவேசத்தை எதிர்த்து முன்னின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். தொகுதியின் உறுப்பினரும் அவரது கட்சியும் இப்பிரச்சினையில் போதிய உறுதியுடன் நடந்துகொள்ளவில்லை என்ற விமர்சனம் அன்று இடதுசாரிகளால் முன்வைக்கப்பட்டது.

1970 தேர்தலில் இம்முரண்பாடு வாக்குச்சீட்டிலும் வெளிப்பட்டது. ஒருபுறம் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலமும் மறுபுறம் சுந்தரலிங்கமும் செல்வநாயகத்தை எதிர்த்து நின்றனர். செல்வநாயகம் வென்றார். ஆனால் அதே தேர்தலில் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம், நல்லூரில் நாகநாதன், யாழ்ப்பாணத்தில் ஜீ.ஜீ. பொன்னம்பலம், உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரம் ஆகியோர் தோற்கடிக்கப்பட்டனர். எந்தத் தலைவரின் ஆசனமும் உறுதியானதல்ல என்பதை யாழ்ப்பாண வாக்காளர் ஒரே நாளில் நான்கு தொகுதிகளில் காட்டினர்.

இராஜினாமாவும் இடைத்தேர்தலும்

1970 இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் 151 தொகுதிகளில் 116 ஐக் கைப்பற்றியிருந்தது. அப்பலத்தைக் கொண்டு அது அரசியல் நிர்ணய சபையை அமைத்தது. தமிழரசுக் கட்சி முன்வைத்த திருத்தங்கள் ஏற்கப்படாத நிலையில் அக்கட்சி 1971 இல் அச்சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு, நாட்டை ஒற்றையாட்சி அரசு எனப் பிரகடனம் செய்தது. சிங்களத்தை அரசகரும மொழியாக அரசியலமைப்பிலேயே பொறித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. சிறுபான்மையினருக்குக் காப்பாகக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவைக் கைவிட்டது.

இவ்வரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்பதே அடுத்து எழுந்த வினா. செல்வநாயகம் அதற்கு ஒரு நேரிய வழியைத் தேர்ந்தார். 1972 ஒக்டோபர் 3 ஆம் திகதி அவர் தமது ஆசனத்தை இராஜினாமாச் செய்தார். இடைத்தேர்தலில் அரசாங்கம் தம்முடன் போட்டியிட வேண்டும் என்றும், வாக்காளரின் தீர்ப்பைக் கொண்டு விடயத்தைத் தீர்மானிப்போம் என்றும் அறைகூவினார். நடுங்கும் கரங்களும் தாழ்ந்த குரலும் கொண்ட நோயுற்ற முதியவர் ஒருவர் தம் கையிலிருந்த ஒரே பதவியை மக்களிடம் திருப்பிக் கொடுத்துக் கேட்ட கேள்வி அது.

அரசாங்கம் தேர்தலை நடத்தவில்லை. ஒத்திவைப்பு தொடர்ந்தது. இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் காங்கேசன்துறைக்குப் பாராளுமன்றத்தில் பிரதிநிதி இருக்கவில்லை. 1975 பெப்ரவரி 6 ஆம் திகதியே இடைத்தேர்தல் நடைபெற்றது. அரசாங்கத்தின் ஆதரவுடன் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் மீண்டும் போட்டியிட்டார். செல்வநாயகம் 25,927 வாக்குகளையும், பொன்னம்பலம் 9,457 வாக்குகளையும், மூன்றாவது வேட்பாளர் 185 வாக்குகளையும் பெற்றனர். பெரும்பான்மை 16,470. அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 73 வீதம் செல்வநாயகத்துக்குக் கிடைத்தது.

இங்கு ஒரு விடயம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1972 இல் வாக்காளரிடம் கேட்கப்பட்ட கேள்வி அரசியலமைப்பைப் பற்றியது. 1975 இல் வெற்றி அறிவிக்கப்பட்டபோது, அத்தீர்ப்பு தமிழர் தமக்கெனத் தனியான இறைமையுள்ள அரசை அமைப்பதற்கான ஆணை எனச் செல்வநாயகம் பிரகடனம் செய்தார். கேள்விக்கும் விடைக்கும் இடையில் அரசியல் வெகுதூரம் நகர்ந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் முறை இளைஞரின் நம்பிக்கையைக் குலைத்தது. 1974 ஜனவரி 10 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிஸாரின் நடவடிக்கையைத் தொடர்ந்து உயிர்கள் பலியாகின. பாராளுமன்ற வழிமுறையில் நம்பிக்கை இழந்த இளைஞர்கள் வேறு வழிகளை நாடத் தொடங்கினர். 1972 ஒக்டோபரைத் தொடர்ந்து உடனடியாக இடைத்தேர்தல் நடைபெற்றிருந்தால் அத்தீர்ப்பு அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய பேச்சுவார்த்தைக்கு ஓர் அடிப்படையாக அமைந்திருக்கக் கூடும். தாமதிக்கப்பட்ட தேர்தல் அவ்வாய்ப்பைத் தாமதிக்கவில்லை. இல்லாமற் செய்தது என்பதே எமது கருத்து.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். தோல்வியுற்ற தரப்புக்குக் கிடைத்த 9,457 வாக்குகள் அலட்சியப்படுத்தக் கூடியவையல்ல. உணர்ச்சி மேலோங்கிய அத்தேர்தலிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வேறொரு திசையில் வாக்களித்தனர். சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான குரலும் தொழிலாளர் குரலும் அவ்வாக்குகளில் கலந்திருந்தன. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் அக்குரல்களுக்குப் பாராளுமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை. வி. பொன்னம்பலமே பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து விலகிச் செந்தமிழர் இயக்கத்தைத் தொடங்கினார் என்பதும் அக்காலத்தின் போக்கை உணர்த்தும்.

1977: இறுதித் தேர்தல்

1970 இல் ஐந்து ஆண்டுகளுக்கெனத் தெரிவு செய்யப்பட்ட பாராளுமன்றம், தானே ஆக்கிய 1972 அரசியலமைப்பின் மூலம் தனது ஆயுளை 1977 வரை நீடித்துக்கொண்டது. இக்காலத்தில், 1976 மே 14 ஆம் திகதி, தமிழர் விடுதலைக் கூட்டணி வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1977 ஏப்ரல் 26 ஆம் திகதி செல்வநாயகம் காலமானார். ஜீ.ஜீ. பொன்னம்பலம் அதே ஆண்டு பெப்ரவரியில் மறைந்திருந்தார். எதிரெதிராக நின்று தமிழ் அரசியலை வழிநடத்திய இருவரையும் ஒரே ஆண்டில் இழந்த நிலையிலேயே தமிழ் மக்கள் ஜூலைத் தேர்தலைச் சந்தித்தனர்.

காங்கேசன்துறையில் கூட்டணியின் வேட்பாளராக அமிர்தலிங்கம் நின்றார். 1956 முதல் 1970 வரை வட்டுக்கோட்டையின் உறுப்பினராக இருந்தவர் அவர். காங்கேசன்துறை வாக்காளர் அவருக்கு 31,155 வாக்குகளை அளித்தனர். வட மாகாணத்தின் பதினான்கு தொகுதிகளிலும் கூட்டணி வென்றது. நாடளாவிய ரீதியில் 18 ஆசனங்களைப் பெற்று அது பிரதான எதிர்க்கட்சியாகியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டு ஆசனங்களே கிடைத்தமையினால், காங்கேசன்துறையின் உறுப்பினர் இந்நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அதே தேர்தலின் மறுபக்கத்தையும் நோக்குவோம். ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140 ஐப் பெற்றது. அதாவது, பாதியளவு வாக்குகளுக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனங்கள். 1972 அரசியலமைப்பும் 1978 அரசியலமைப்பும் இவ்வாறு ஊதிப்பெருத்த பெரும்பான்மைகளினாலேயே ஆக்கப்பட்டன. காங்கேசன்துறை வாக்காளருக்குத் தெளிவான குரலைக் கொடுத்த அதே தேர்தல் முறைதான், அக்குரலைக் கேளாமல் ஆட்சி செய்யும் பலத்தைத் தெற்கின் பெருங்கட்சிகளுக்கும் கொடுத்தது. வாக்குரிமை இழந்த மலையகத் தமிழரும் சனத்தொகையாகக் கணக்கிடப்பட்டே தொகுதிகள் பிரிக்கப்பட்டமையால், அவர்களின் எண்ணிக்கைக்குரிய ஆசனங்கள் பிறருக்குச் சென்றதும் இம்முறையின் அநீதிகளுள் ஒன்று. பழைய முறையைப் போற்றுவோர் இவற்றை மறந்துவிடலாகாது.

மீண்டும் வெற்றாசனம்

1978 அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. உறுப்பினர் ஒருவரின் ஆசனம் வெற்றிடமானால் பொதுவாக இடைத்தேர்தல் இன்றிக் கட்சியின் நியமனத்தினால் நிரப்பும் நிலையும் அத்துடன் வந்தது. 1982 இல் வட்டுக்கோட்டை உறுப்பினர் தி. திருநாவுக்கரசு மறைந்தபோது அத்தொகுதியில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை; கூட்டணியின் நியமனத்தின் மூலம் நீலன் திருச்செல்வம் உறுப்பினரானார். நியமிக்கப்பட்டவரின் தகுதியில் ஐயமில்லை. ஆனால் தெரிவு செய்யும் உரிமை வாக்காளரிடமிருந்து கட்சிக் காரியாலயத்துக்கு இடம்மாறியது.

அடுத்து, 1982 டிசெம்பர் 22 ஆம் திகதி நடத்தப்பட்ட சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளால் நீடித்தது. யாழ். மாவட்டம் அதனைப் பெருவாரியாக நிராகரித்தும் பயனிருக்கவில்லை. 1977 இல் பெற்ற ஆணையின் காலம் முடிந்த பின் ஆசனங்களில் அமர்வதில்லை எனக் கூட்டணி தீர்மானித்தது. 1983 ஜூலை இனக்கலவரத்தைத் தொடர்ந்து, ஓகஸ்ட் 8 ஆம் திகதி பிரிவினையை நிராகரிக்கும் சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கும் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குச் செல்லவில்லை. ஒக்டோபரில் அமிர்தலிங்கம் உள்ளிட்டோர் ஆசனங்களை இழந்தனர். காங்கேசன்துறைத் தொகுதியின் கடைசி உறுப்பினரின் பதவிக்காலம் இவ்வாறு முடிவுற்றது.

1989 பெப்ரவரி வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, அவ்வாசனம் நிரப்பப்படவில்லை. இக்காலத்தில்தான் யுத்தம் மூண்டது. இந்தியப் படை வந்தது. இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறியது. தம் வாழ்வைத் தலைகீழாக்கிய இத்தீர்மானங்கள் அனைத்தும் மேற்கொள்ளப்பட்டபோது, காங்கேசன்துறை வாக்காளர் சார்பில் பாராளுமன்றத்தில் கையுயர்த்த ஒருவர்கூட இருக்கவில்லை. 1989 தேர்தலில் மட்டக்களப்பில் தோல்வியுற்றுத் தேசியப் பட்டியல் மூலம் உறுப்பினரான அமிர்தலிங்கம், அவ்வாண்டு ஜூலை 13 ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தொகுதி வாக்களிப்புப் பிரிவானது

1989 முதல் காங்கேசன்துறை என்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்புப் பிரிவுகளுள் ஒன்று மட்டுமே. முடிவுகள் பிரிவு வாரியாக வெளியிடப்படும் இரவில் அப்பெயர் ஒலிக்கும். அத்துடன் சரி. அதற்கெனப் பொறுப்புக் கூறவேண்டிய உறுப்பினர் என எவரும் இல்லை.

இம்மாற்றத்தின் விலையை இப்பகுதி மக்கள் செலுத்த நேர்ந்த காலம் மிகக் கொடியது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். பரந்த நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாகியது. சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. புகையிரதம் காங்கேசன்துறையை மீண்டும் அடைந்தது 2015 ஜனவரியில். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். ஒரு தலைமுறை முழுவதும் அகதி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழிந்தது. இம்மக்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவான பொறுப்பு, எவருக்கும் தனிப்பட்ட பொறுப்பாகாமல் போவது இயல்பு.

போர்க்காலத் தேர்தல்கள் விகிதாசார முறையையே கேலிக்குரியதாக்கின. 1994 பொதுத்தேர்தலில் யாழ். மாவட்டத்தின் வாக்களிப்பு இரண்டு வீதத்தை ஒட்டியதாகவே இருந்தது. ஆயினும் பத்து ஆசனங்களும் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆசன எண்ணிக்கையும் வீழ்ந்தது. 1977 இல் பதினொரு தொகுதிகளைக் கொண்டிருந்த மாவட்டத்துக்கு 1989 இல் பதினொரு ஆசனங்கள் கிடைத்தன. 2010 இல் அது ஒன்பது. 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. இடப்பெயர்வும் புலப்பெயர்வும் சனத்தொகையைக் குறைக்க, யுத்தத்தினால் பாதிக்கப்பட்டவர்களே பிரதிநிதித்துவத்தையும் இழந்தனர்.

அதேவேளை, விகிதாசார முறையின் நன்மையையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களைத் தேசிய மக்கள் சக்தி, தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு ஒன்று என நான்கு தரப்புகள் பகிர்ந்துகொண்டன. 1975 இல் 9,457 பேர் அளித்த வாக்குகளைப் போன்றவை இன்று முற்றாகப் பயனற்றுப் போவதில்லை.

இவ்வரலாறு கூறுவது என்ன?

காங்கேசன்துறையின் வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் மூன்று.

முதலாவது, வாக்காளரின் நினைவாற்றலும் நிதானமும் பற்றியது. 1952 இல் தோற்கடிக்கப்பட்டவரை 1956 இல் அழைத்தது இத்தொகுதி. காரணங்கள் மாறியபோது தீர்ப்பும் மாறியது. ஆசனங்கள் கட்சிகளின் பரம்பரைச் சொத்தல்ல என்பதை இன்றைய தமிழ்க் கட்சிகள் இங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். செல்வநாயகத்தையே ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிய வாக்காளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று வாக்களிக்கிறார்கள்.

இரண்டாவது, உரிய வேளையில் நடத்தப்படாத தேர்தலின் விளைவு பற்றியது. 1972 முதல் 1975 வரையிலும், 1983 முதல் 1989 வரையிலும் இத்தொகுதியிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. இரு சந்தர்ப்பங்களிலும் அவ்விடைவெளியை நிரப்பியது வன்முறையே. இது கடந்த காலத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் முறை கலப்பு முறையாக மாற்றப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பதவிக்காலம் முடிவுற்ற வட மாகாண சபைக்கு அதன் பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. வெற்றாசனங்களுக்குப் பழகிப்போன நாடாக நாம் ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது, தேர்தல் முறை பற்றியது. தொகுதி முறை பொறுப்புக் கூறலைத் தந்தது, ஆனால் சிறிய தரப்பினரின் வாக்குகளை வீணாக்கியது, பெரும்பான்மைகளை ஊதிப்பெருக்கியது. விகிதாசார முறை வாக்குகளுக்கு நியாயம் செய்தது. ஆனால் இன்னாரே எமது பிரதிநிதி என விரல் நீட்டிக் கேட்கும் உரிமையையும், இடைத்தேர்தல் எனும் இடைக்காலத் தீர்ப்பையும் வாக்காளரிடமிருந்து அகற்றிவிட்டது. எனவே, மொத்த ஆசனங்கள் வாக்கு விகிதத்துக்கு அமையவும், ஒரு பகுதி உறுப்பினர்கள் தொகுதிகளுக்குப் பொறுப்பாகவும் இருக்கும் கலப்பு முறையே ஏற்புடையது என்பது எமது நிலைப்பாடு. அம்முறையில், தொகுதி உறுப்பினரின் வெற்றிடம் குறிப்பிட்ட காலத்தினுள் இடைத்தேர்தலினால் நிரப்பப்படல் வேண்டும் என்பதையும், அதனை ஒத்திவைக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருக்கலாகாது என்பதையும் சட்டம் வரையறுக்க வேண்டும். யுத்தத்தினால் சனத்தொகையை இழந்த மாவட்டங்களின் ஆசனங்கள் மேலும் குறையாதிருக்க எல்லை நிர்ணயத்தில் விசேட ஏற்பாடு அவசியம்.

1972 இல் செல்வநாயகம் தமது ஆசனத்தைத் துறந்தபோது, அரசாங்கம் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: சில வாரங்களில் ஒரு தேர்தலை நடத்தி, அதன் விடையை மதித்திருக்க வேண்டும். ஒரு தொகுதியின் விடைக்குச் செவிசாய்க்க மறுத்ததன் விலையை முழு நாடும் பல தசாப்தங்களாகச் செலுத்தியது. புதிய தேர்தல் முறையை வகுக்க முன்வருவோர், ஆசனங்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்கைத் தொடங்குமுன் இவ்வொரு தொகுதியின் வரலாற்றையேனும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.